கல்லூரி இடத்திற்குக் காத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் கவனத்திற்கு
தர வரிசை, கலந்தாய்வு, உதவித்தொகை பற்றிய விளக்கம்

ஆனி, ஆடி மாதங்கள் விவசாயிக்கு ஓய்வில்லாத காலம். டெல்டாவில் குறுவை நடவு நடக்கும். மானாவாரிப் பகுதியில் ஆடிப்பட்டத்திற்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். விதை, உரம், ஆள்கூலி என்று கையிலுள்ள பணமெல்லாம் வயலுக்குப் போய்விடும். பிளஸ் 2 தேறிய மகனோ மகளோ கல்லூரி இடத்திற்குக் காத்திருப்பதும் இதே மாதங்களில்தான். இடம் கிடைக்குமா, எந்தக் கல்லூரியில் கிடைக்கும், உதவித்தொகை வருமா, முதல் தவணைக் கட்டணத்திற்கு என்ன செய்வது என்ற கேள்விகள் வீட்டில் எழுகின்றன. பதில் தெரியாத பதற்றத்தில் சிலர் இடைத்தரகரிடம் பணம் கொடுக்கின்றனர். சிலர் வந்தது வரட்டும் என்று கைகட்டி இருந்து, நாள் தவறவிடுகின்றனர். இரண்டுமே நஷ்டம். சேர்க்கை எப்படி நடைபெறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், காத்திருக்கும் நாட்களைப் பயனுள்ளதாக்கிக் கொள்ளலாம். வேளாண்மைப் பட்டப்படிப்பை முக்கிய உதாரணமாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகிறது.

வேளாண்மைக் கல்லூரிகள்

1868ஆம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டு வளர்ந்தது. 1971ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர் ஆகிய இடங்களில் இதன் வேளாண்மைக் கல்லூரிகள் உள்ளன. பெரியகுளத்தில் தோட்டக்கலையும், மேட்டுப்பாளையத்தில் வனவியலும், குமுளூரில் வேளாண் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. இவை தவிர, பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. இரண்டு வகைக் கல்லூரிகளுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விருப்பப் பட்டியல் கொடுக்குமுன் இதை விசாரித்துக் கொள்வது அவசியம்.

கட்-ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்து வந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது பாதகமாக இருக்கிறது என்பதால், அதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2007ஆம் ஆண்டு முதல் பிளஸ் 2 மதிப்பெண்களே அடிப்படையாயின. மருத்துவத்திற்கு மட்டும் பின்னர் நீட் தேர்வு வந்துவிட்டது. மாநில ஒதுக்கீட்டில் வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குப் பிளஸ் 2 மதிப்பெண்தான்.

ஆனால் ஒவ்வொரு படிப்புக்கும் கணக்கிடும் முறை வேறு. மூன்றிலும் மொத்தம் 200. வேளாண்மைக்கு நான்கு அறிவியல் பாடங்களையும் தலா 50க்குக் குறைத்துக் கூட்ட வேண்டும். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கால்நடை மருத்துவத்திற்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

உதாரணமாக, ஒரு மாணவி உயிரியலில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88, கணிதத்தில் 80 வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வேளாண்மை: 46 + 42 + 44 + 40 = 172.
பொறியியல்: 80 + 42 + 44 = 166.
கால்நடை மருத்துவம்: 92 + 42 + 44 = 178.

மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான். ஆனால் மூன்று இடத்திலும் வேறு வேறு எண் வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மொத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு நம்பிக்கை கொள்வதும், மனம் உடைவதும் வேண்டியதில்லை. அந்தந்தப் படிப்பின் கட்-ஆஃபைத் தனித்தனியே போட்டுப் பார்த்து, சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்ற எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் கூடும், கட்-ஆஃபும் கூடும். எனவே சென்ற ஆண்டு எண்ணுக்கு இரண்டு மூன்று புள்ளி மேலும் கீழும் வைத்துப் பார்ப்பது நல்லது.

தர வரிசையும் இட ஒதுக்கீடும்

தர வரிசைப் பட்டியலில் ஒரு மாணவருக்குப் பொதுத் தர எண்ணும், தம் வகுப்புக்குரிய தர எண்ணும் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். பொதுத் தர எண் பெரிதாக இருக்கிறதே என்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு.

200 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டின்படி இவை பிரியும் விதம்:

பொதுப் போட்டி 62, பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 40, ஆதிதிராவிடர் 36 (இதில் 6 இடங்களில் அருந்ததியருக்கு முன்னுரிமை), பழங்குடியினர் 2.

பொதுப் போட்டிக்குரிய 62 இடங்கள் எந்த வகுப்பினருக்கும் உரியவை. அதிக மதிப்பெண் பெற்ற பிற்படுத்தப்பட்ட மாணவர் பொதுப் போட்டியில் இடம் பெற்றுவிட்டால், அவர் வகுப்புக்குரிய 53 இடங்களில் ஒன்றும் குறைவதில்லை. ஆகவே வகுப்புத் தர எண் 53க்குச் சற்று மேலிருந்தாலும் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

இவற்றினுள் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீதம் தனியே உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு இது பொருந்தும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறியிருந்தாலும் சிக்கல் வரும். இதற்கான சான்றிதழைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

பட்டியல் ஏன் நகர்கிறது?

முதல் சுற்றில் இடம் வரவில்லை என்றதும் நம்பிக்கை இழந்து, கிடைத்த கல்லூரியில் பெருந்தொகை கட்டிவிடுகிறவர்கள் பலர். பட்டியல் எப்படி நகர்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை. ஒரே மாணவர் மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் நான்குக்கும் மனுப் போட்டிருப்பார். அவர் பெயர் நான்கு பட்டியலிலும் மேலே நிற்கும். சேர்வதோ ஓரிடத்தில்தான். மருத்துவ இடங்கள் முடிவானதும் வேளாண்மைப் பட்டியலின் மேல்வரிசையில் உள்ள பலர் விலகுவார்கள். அந்த இடங்கள் அடுத்த சுற்றில் கீழே உள்ளவர்களுக்கு வரும்.

விருப்பப் பட்டியல் கொடுப்பதிலும் கவனம் தேவை. மாணவரின் தர எண் வரும்போது, அவர் கொடுத்த வரிசையில் முதலிலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் எழுத வேண்டும். கிடைக்காது என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளினால், கிடைக்கக் கூடியதும் போய்விடும். நாலைந்து கல்லூரி மட்டும் எழுதி நிறுத்திவிடுவதும் தவறு. சேரத் தயாராக உள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுதலாம். சேர விருப்பமில்லாத கல்லூரியை மட்டும் எழுதக் கூடாது. ஒதுக்கீடு வந்தபின் எத்தனை நாளில் ஒப்புதல் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும், மேல் விருப்பத்திற்குக் காத்திருக்கலாமா என்பவை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும். நாள் தவறினால் இடம் போய்விடும்.

சான்றிதழ்கள்

காத்திருக்கும் நாட்களில் செய்து முடிக்க வேண்டிய வேலை இதுதான். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும்போது நாள் பிடிக்கும். கலந்தாய்வு நேரத்தில் கூட்டம் அதிகம். எனவே தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே மனுச் செய்துவிட வேண்டும்.

1. சாதிச் சான்றிதழ். பெயரும் தலைப்பெழுத்தும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

2. வருமானச் சான்றிதழ். விவசாய வருமானத்திற்கு வருமான வரி இல்லை என்பதால், அதைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று சிலர் நினைக்கின்றனர். இது சரியல்ல. உதவித்தொகைக்கு நிலம், கால்நடை, கூலி, சம்பளம் எல்லா வழி வருமானமும் சேர்த்தே பார்க்கப்படும். பழைய சான்றிதழ் செல்லாது. நடப்பு ஆண்டுக்குரியது வேண்டும்.

3. முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறாத குடும்பத்திற்கு இது கிடைக்கும். அண்ணனோ அக்காவோ இச்சலுகையை ஏற்கெனவே பெற்றிருந்தால் தம்பி, தங்கைக்குக் கிடையாது.

4. சிறு, குறு விவசாயி சான்றிதழ். இதற்குப் பட்டா தேவை. நம் ஊர்களில் நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது வழக்கம். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். பட்டா மாறுதல் செய்யாமல் சான்றிதழ் பெறுவது கடினம். பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இதை முடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

5. வங்கிக் கணக்கு. மாணவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் அந்தக் கணக்கிற்கே வரும்படி ஆதார் இணைப்புச் செய்யப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். உதவித்தொகை அனுமதியாகியும் பணம் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்னென்ன உதவிகள் உண்டு?

அரசுப் பள்ளி ஒதுக்கீடு: 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேருவோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

முதல் பட்டதாரிச் சலுகை: 2010ஆம் ஆண்டு தொடங்கியது. கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேருவோருக்குப் படிப்புக் கட்டணத்தில் சலுகை. சாதியும் வருமானமும் பார்ப்பதில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடைக்காது.

வகுப்புவாரி உதவித்தொகை: ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின் அக்கல்லூரி மூலமே விண்ணப்பிக்க வேண்டும்.

உழவர் பாதுகாப்புத் திட்டம்: இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சை வரை உள்ள விவசாயிகளும், விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டை இருந்தும் இதைக் கேட்டுப் பெறாத குடும்பங்கள் இருக்கின்றன. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரை அணுக வேண்டும்.

மாதம் ஆயிரம் ரூபாய்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோரும் பின்னர் சேர்க்கப்பட்டனர். இத்தகைய மாநிலத் திட்டங்களின் நடப்பு ஆண்டு விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து மனுச் செய்யவும்.

தகுதி உதவித்தொகை

மதிப்பெண்ணுக்காகவே தரப்படும் உதவிகளில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை முக்கியமானது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேருக்கு வழங்கப்படுகிறது. இதில் பாதி மாணவியருக்கு. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.12,000. நான்காண்டுத் தொழிற்படிப்பானால் நான்காம் ஆண்டுக்கு ரூ.20,000. ஆக மொத்தம் ரூ.56,000. குடும்ப வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருக்க வேண்டும்.

இதற்கான மதிப்பெண் தகுதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். 80 மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும் என்பது இதன் பொருளல்ல. அதே வாரியத்தில், அதே பிரிவில் தேறியவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேலே இருக்க வேண்டும். எல்லோரும் அதிகம் வாங்கிய ஆண்டில் 85 சதவீதம்கூடப் போதாமல் போகலாம்.

இன்னொரு நிபந்தனையும் கவனிக்கத் தக்கது. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர் இதைச் சேர்த்துப் பெற முடியாது. எனவே எது லாபம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க, 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. முதலாண்டு வாங்கிவிட்டுப் புதுப்பிக்க மறந்தால் மீதித் தொகை கைவிட்டுப் போகும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இதற்கு மனுச் செய்ய வேண்டும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்பு இடங்களில் 20 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தால் நிரப்பப்படுகிறது. 2023 முதல் இதற்குக் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. இதன் மூலம் வேறு மாநிலத்தில் சேருவோருக்குத் தேசியத் திறன் உதவித்தொகை மாதந்தோறும் உண்டு. பிளஸ் 2 முடிவு வருமுன்பே இத்தேர்வுக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதை அடுத்த ஆண்டு எழுதவிருப்போர் நினைவில் கொள்ளவும்.

கட்டிய பணம் திரும்புமா?

வேளாண்மை இடம் வருமுன் பாதுகாப்பாக ஒரு கலைக் கல்லூரியில் சேர்த்துவிடுவது வழக்கம். தவறில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதியின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக விலகினால், சிறு அலுவலகச் செலவு தவிர முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும். அதன்பின் இறுதி நாள் வரை 90 சதவீதம். இறுதி நாள் கடந்து பதினைந்து நாளுக்குள் 80 சதவீதம். முப்பது நாளுக்குள் 50 சதவீதம். அதற்கும் மேல் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. விலகல் மனுவை எழுத்து மூலம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் எந்தத் தொகையும் கட்டக் கூடாது. நன்கொடை என்று ரசீதின்றிக் கொடுத்த பணத்திற்கு எந்த விதியும் துணை வராது. கலந்தாய்வு இடம் வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பவே வேண்டாம். தர எண்ணை மீறி எவராலும் வாங்கித் தர முடியாது.

பயிர்க்கடனைத் தொட வேண்டாம்

முதல் பருவக் கட்டணத்திற்குப் பணம் இல்லாதபோது, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை எடுத்துக் கட்டுவது நடக்கிறது. இதன் விளைவை யோசிக்க வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குக் கெடு தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. விவசாயக் கடன் அட்டையில் ஒழுங்காகக் கட்டுவோருக்கு 4 சதவீத வட்டிதான். அந்தப் பணம் கல்லூரிக்குப் போனால் மேலுரம் தள்ளிப்போகும். விளைச்சல் குறையும். கெடு தவறும். வட்டிச் சலுகை போவதுடன், அடுத்த போகத்திற்குக் கடன் கிடைப்பதும் சிரமமாகும். ஒரு பருவக் கட்டணத்திற்காக இரண்டு போகம் கெட்டுவிடும்.

இதற்கு மாற்று கல்விக் கடன். நான்கு லட்சம் வரை சொந்தப் பங்கு கட்ட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை உத்தரவாத நிதியின் கீழ் ஈடும் தேவையில்லை. பட்டாவையோ பத்திரத்தையோ அடகு வைக்க வேண்டாம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்துத் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்புப் படித்தால், அக்காலத்திற்குரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்னும் திட்டமும் வந்திருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த அன்றே, கணக்குள்ள வங்கிக் கிளைக்குப் போவது நல்லது.

உதவித்தொகை உறுதியானாலும், பணம் வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் பருவத்தை அது இல்லாமலே சமாளிக்கத் திட்டமிட வேண்டும். இரண்டாம் பருவக் கட்டணம் மார்கழி, தை வாக்கில் வரும். குறுவைப் பணம் செலவாகி, சம்பா அறுவடை முடியாத நேரம் அது. குறுவை நெல் விற்றதும் அத்தொகையை எடுத்து மாணவர் கணக்கில் தனியே போட்டு வைக்கவும். மாதாந்திர விடுதிச் செலவுக்குப் பால் பணத்தை ஒதுக்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால்

எல்லா முயற்சியும் செய்தும் இடம் வராமல் போகலாம். 172 வாங்கியவருக்குக் கிடைக்காமல் 173க்குக் கிடைத்தால், அந்த ஒரு புள்ளி பிள்ளையின் அறிவைக் காட்டுவதல்ல. அந்த ஆண்டின் இடங்களுக்கும் போட்டிக்கும் உள்ள கணக்கு அவ்வளவே. அரசு கலைக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் படிப்புகள் குறைந்த கட்டணத்தில் உள்ளன. வேளாண்மைப் பட்டயப் படிப்பும் உண்டு. இவற்றுக்கும் விண்ணப்பத்தை முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும். வேளாண்மைப் பட்டியல் முடியும்வரை காத்திருந்தால் அங்கும் இடம் நிரம்பிவிடும்.

இந்த வாரங்களில் பிள்ளையை அடிக்கடி மதிப்பெண் பற்றிக் கேட்டு வருத்தாமல் இருப்பதும் பெற்றோர் செய்ய வேண்டிய உதவியாகும். வயல் வேலைக்கு நடுவே ஒரு நாள் ஒதுக்கி, மகனையோ மகளையோ உடன் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன சான்றிதழ்களையும் கடைசித் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளித் தலைமையாசிரியரையோ, பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உதவி மையத்தையோ கேட்டுத் தெளிவு பெறலாம்.